யார் சொன்னது? யாரிடம் சொன்னது?
(ஆங்கிலம் எளிதாக – படிப்போம், பயன்பெறுவோம்)



ஆங்கிலப் பாடத்தில் எதுக்குப் பயம்னு யாரைக் கேட்டாலும் ரெண்டைச் சொல்வாங்க. ஒண்ணு, டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றுவது. இன்னொண்ணு, இதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து அதன் கீழே கேட்கும் கேள்விகள். முதலாவதை 'ரூல் நிறைய இருக்கு, மனசுல நிக்க மாட்டேங்குது' என்று விட்டுவிடுகிறோம். இரண்டாவதற்குப் பத்தியில் கண்ணில் பட்ட ஒரு வரியை அப்படியே பார்த்து எழுதிவிட்டு வந்துவிடுகிறோம்.

இரண்டும் வேறு வேறு பாடம் மாதிரித்தான் தெரியும். ஆனால் இரண்டு பூட்டுக்கும் சாவி ஒன்றுதான். அந்தச் சாவியில் நாலு பல் இருக்கு: யார் சொன்னது? யாரிடம் சொன்னது? எப்போது சொன்னது? எங்கே இருந்து சொன்னது? இந்த நாலையும் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தால் பாதி தப்பு வராது. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு குறிப்பு: ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் நின்று படிக்கணும் என்பதற்காக. நீங்கள் நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்க. ஸ்பெல்லிங்கும் சேர்ந்து பழகிடும்.

1. இது நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. தமிழ் இலக்கணத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று படிக்கிறோமே, அதேதான் இது. ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்வது நேர்க்கூற்று. அதையே நாம் நம் வாயால் மாற்றிச் சொல்வது அயற்கூற்று.

நம் முன்னோர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருந்தார்கள். குறுந்தொகை, நற்றிணை மாதிரி சங்க அகப்பாடல்களில் புலவர் தன் குரலில் பேச மாட்டார். தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், தலைவன் பேசுவான், செவிலித்தாய் பேசுவாள். பாட்டோடு சேர்த்து, இது தலைவி தோழிக்குச் சொன்னது, இது தோழி தலைவனுக்குச் சொன்னது என்று ஒரு குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் பாட்டுக்குப் பொருள் சொன்னால் தப்பாகப் போய்விடும். தோழி கோபப்பட்டுச் சொன்னதைத் தலைவி சொன்னதாக நினைத்தால் கதையே மாறிவிடும் இல்லையா? உ.வே.சாமிநாதையர் 1937-இல் குறுந்தொகையை உரையோடு பதிப்பித்தபோதும் ஒவ்வொரு பாட்டுக்கும் இந்தக் கூற்றுக் குறிப்பு உண்டு. ஆகவே 'யார் சொன்னது, யாரிடம் சொன்னது' என்பது நம் ஊர்ப் பழைய கேள்விதான்.

ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் எழுதிய சுவடிகள் உண்டு. அப்புறம் ஒருவர் பேச்சு எங்கே முடிகிறது என்று எப்படித் தெரிந்தது? அதற்குத்தான் 'என', 'என்று' என்னும் சொற்கள். தொல்காப்பியத்தில் இடையியல் என்ற பகுதியில் இந்த இரண்டு சொல்லும் வருகின்றன. நாம் இன்னைக்கும் வீட்டில் 'ன்னு' போட்டுப் பேசுகிறோமே, அது 'என்று' தான் தேய்ந்து வந்தது.

2. அப்புறம் ஏன் தப்பு வருது?

தப்பு வருவது நமக்கு அறிவு இல்லாததால் அல்ல. நம் தமிழ் அவ்வளவு வசதியான மொழி என்பதால்தான்!

கவிதா எரியோடு பஸ் ஸ்டாண்டில் செல்வியிடம் சொல்கிறாள்: "நான் நாளைக்கு வேடசந்தூர் போறேன்."

செல்வி வீட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம் சொல்கிறாள்: "அம்மா, நான் நாளைக்கு வேடசந்தூர் போறேன்னு கவிதா சொன்னா."

பாருங்க, செல்வி எதையுமே மாற்றவில்லை. கவிதா சொன்னதைத் தூக்கி வந்து 'ன்னு' ஒட்டிவிட்டாள். வேலை முடிந்தது. 'நான்' என்பது கவிதாவா செல்வியா என்று அம்மா குழம்பவும் மாட்டார். இதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினால்,

கவிதா செட் தட் ஐ ஆம் கோயிங் டு வேடசந்தூர் டுமாரோ

என்று வரும். டீச்சர் சிவப்பு மையால் சுழிப்பார்கள். ஏன்? ஆங்கிலத்தில் 'தட்' போட்ட உடனே பேசுகிற வாய் மாறிவிடுகிறது. அதுக்கு மேல் பேசுவது கவிதா இல்லை, செல்வி. ஆகவே 'ஐ' என்று எழுதினால் செல்வி போவதாக அர்த்தம்! 'டுமாரோ' என்றால் செல்வி பேசுகிற நாளுக்கு மறுநாள் என்று அர்த்தம். சரியான விடை:

கவிதா செட் தட் ஷி வாஸ் கோயிங் டு வேடசந்தூர் தி நெக்ஸ்ட் டே.

இப்போது தமிழிலேயே இருக்கும் இன்னொரு வழியைப் பாருங்க: "தான் மறுநாள் வேடசந்தூர் போவதாகக் கவிதா சொன்னாள்." இதில் 'நான்' என்பது 'தான்' ஆகிவிட்டது. 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகிவிட்டது. ஆங்கில இன்டைரக்ட் ஸ்பீச்சும் இந்த வழியில்தான் போகிறது.

நினைவில் கொள்க: ஆங்கிலத்தில் மாற்றுவதற்கு முன் மனசுக்குள் தமிழில் 'போவதாகச் சொன்னாள்', 'வந்ததாகச் சொன்னான்' என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 'ன்னு' போட்டு யோசித்தால் தப்பு வரும். 'ஆக' போட்டு யோசித்தால் வழி தெரியும்.

3. மாறுவது மூன்று

(அ) ஆள் மாறும்

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் படித்திருக்கிறோம். அது இங்கே உதவும்.

தன்மை (ஐ, வி) – யார் சொன்னாரோ அவரிடம் போகும்.
முன்னிலை (யூ) – யார் கேட்டாரோ அவரிடம் போகும்.
படர்க்கை (ஹி, ஷி, தே) – பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

அம்மா செட் டு மீ, "யூ மஸ்ட் டேக் யுவர் டிபன் பாக்ஸ்."

சொன்னது அம்மா. கேட்டது நான். 'யூ' யாரிடம் போகணும்? கேட்ட என்னிடம். ஆகவே 'யூ' என்பது 'ஐ' ஆகும், 'யுவர்' என்பது 'மை' ஆகும்.

அம்மா டோல்டு மீ தட் ஐ ஹேட் டு டேக் மை டிபன் பாக்ஸ்.

'செட் டு' என்பது 'டோல்டு' ஆனதைக் கவனியுங்க. 'டோல்டு' பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். 'டோல்டு மீ', 'டோல்டு ஹெர்' என்று எழுதலாம். ஆள் இல்லாமல் 'டோல்டு தட்' என்று எழுதக் கூடாது. ஆள் இல்லை என்றால் 'செட் தட்' போதும்.

தெரிந்து கொள்வோம்: இந்த இடத்தில் ஆங்கிலத்தை விடத் தமிழ் ஒரு படி மேலே! "முருகன் டோல்டு செல்வம் தட் ஹி ஹேட் பாஸ்டு" என்றால் பாஸானது முருகனா செல்வமா? அந்த ஒரு வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. தமிழில் "தான் தேறிவிட்டதாக முருகன் சொன்னான்" என்றால் முருகன். "அவன் தேறிவிட்டதாக முருகன் சொன்னான்" என்றால் வேறு ஆள். அந்தத் 'தான்' என்ற சின்னச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. அதனால்தான் ஆங்கிலப் பத்தி படிக்கும்போது ஒவ்வொரு 'ஹி'க்கும் 'ஷி'க்கும் 'இது யார்?' என்று கேட்டே ஆகணும். இதை 6-ஆவது பகுதியில் மறுபடி பார்ப்போம்.

(ஆ) காலம் ஒரு படி பின்னே போகும்

'செட்', 'டோல்டு' என்று இறந்த காலத்தில் இருந்தால்,

ஆம், இஸ் – வாஸ்
ஆர் – வெர்
ஹேவ், ஹேஸ் – ஹேட்
வில் – வுட்
கேன் – குட்
மே – மைட்
மஸ்ட் – ஹேட் டு
கோஸ் – வென்ட்
வென்ட் – ஹேட் கான்

இது ஏன் என்று யோசித்தால் மனப்பாடம் செய்ய வேண்டாம். அவர் சொன்ன நேரம் இப்போது நமக்குப் பழசாகிவிட்டது. அவருக்கு 'இப்போ' என்பது நமக்கு 'அப்போ'. அவருக்கே பழசாக இருந்தது நமக்கு இன்னும் பழசு. ஆகவே எல்லாம் ஒரு படி பின்னே நகர்கிறது.

இரண்டு இடத்தில் நகராது:

ஒன்று, எப்போதும் உண்மையாக இருப்பது. "தி டீச்சர் செட் தட் தி எர்த் கோஸ் ரவுண்ட் தி சன்." பூமி நேற்றும் சுற்றியது, நாளையும் சுற்றும். அதை 'வென்ட்' என்று மாற்றினால் இப்போது நின்றுவிட்ட மாதிரி ஆயிடும்!

இரண்டு, 'செட்' என்று இல்லாமல் 'சேஸ்' என்று நிகழ்காலத்தில் இருந்தால். "ஷி சேஸ் தட் ஷி இஸ் ஹங்க்ரி." இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதனால் காலம் மாறாது.

(இ) இடமும் நாளும் மாறும்

இதற்குப் பட்டியல் மனப்பாடமே வேண்டாம். சுட்டெழுத்துப் பாடம் ஞாபகம் இருக்கா? அ, இ, உ. பக்கத்தில் இருப்பதற்கு 'இ', தூரத்தில் இருப்பதற்கு 'அ'. அயற்கூற்றில் 'இ' எல்லாம் 'அ' ஆகும். அவ்வளவுதான்!

இது – அது: திஸ் – தட்
இவை – அவை: தீஸ் – தோஸ்
இங்கே – அங்கே: ஹியர் – தேர்
இப்போது – அப்போது: நௌ – தென்
இன்று – அன்று: டுடே – தட் டே
நாளை – மறுநாள்: டுமாரோ – தி நெக்ஸ்ட் டே
நேற்று – முந்தின நாள்: எஸ்டர்டே – தி பிரீவியஸ் டே

('உ' என்ற சுட்டு நம்ம பக்கம் பேச்சில் போய்விட்டது. யாழ்ப்பாணத் தமிழர்கள் 'உது', 'உவன்' என்று இன்றும் பேசுகிறார்கள்.)

4. கேள்வியும் கட்டளையும்

"வர்றியா?" என்று கேட்டாள். இதில் கேள்வி எங்கே இருக்கு? கடைசியில் வருகிற 'ஆ'வில். இப்படி ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு ஆங்கிலத்தில் 'இஃப்' அல்லது 'வெதர்' போடணும். 'தட்' போடக் கூடாது.

ஷி செட் டு மீ, "ஆர் யூ கமிங்?"
ஷி ஆஸ்க்டு மீ இஃப் ஐ வாஸ் கமிங்.

'எங்கே, ஏன், எப்போது' என்று தொடங்கும் கேள்வி என்றால் அந்தக் கேள்விச் சொல்லே பாலம். வேறு எதுவும் வேண்டாம்.

ஹி செட் டு மீ, "வேர் ஆர் யூ கோயிங்?"
ஹி ஆஸ்க்டு மீ வேர் ஐ வாஸ் கோயிங்.

இங்கே 'வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதுவதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு. கேள்வியாக இருந்தபோது 'ஆர் யூ' என்று தலைகீழாக நின்றது. இப்போது அது கேள்வி இல்லை, செய்தி. ஆகவே நேராக நிமிர்ந்து 'ஐ வாஸ்' என்று நிற்கும். கேள்விக்குறியும் போய்விடும், முற்றுப்புள்ளி வரும்.

கட்டளைதான் எல்லாத்திலும் சுலபம். "உட்காருங்கள்" என்று சார் சொன்னார். இதை எப்படிச் சொல்வோம்? "சார் எங்களை உட்காரச் சொன்னார்." அந்த 'உட்கார' என்பதுதான் ஆங்கிலத்தில் 'டு சிட்'.

தி டீச்சர் டோல்டு அஸ் டு சிட் டவுன்.

"பேசாதீர்கள்" என்றால் 'நாட் டு டாக்'. 'நாட்' முன்னால், 'டு' பின்னால். 'பிளீஸ்' என்று கெஞ்சிக் கேட்டால் 'டோல்டு' போடாமல் 'ரெக்வெஸ்டட்' போடணும். அதட்டினால் 'ஆர்டர்டு'. பேசியவர் குரல் எப்படி இருந்தது என்பதையும் அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

5. மேற்கோள் குறி

நேர்க்கூற்றாக எழுதும்போது நாலு விஷயம் பாருங்க. 'செட்' முடிந்ததும் ஒரு கமா. அப்புறம் இரட்டை மேற்கோள் குறி. உள்ளே முதல் எழுத்து கேப்பிடல். பேச்சின் முற்றுப்புள்ளியோ கேள்விக்குறியோ மேற்கோளுக்கு உள்ளேயே இருக்கணும், அதை வைத்துவிட்டுத்தான் குறியை மூடணும்.

மேற்கோள் குறி என்பது வெறும் கோடு இல்லை. அது ஒரு சத்தியம் மாதிரி. 'இதுக்குள்ளே இருப்பது அவர் சொன்ன அதே சொல், நான் ஒண்ணும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை' என்று நாம் சொல்வது. கருத்து மட்டும் ஞாபகம் இருக்கு, சொல் ஞாபகம் இல்லை என்றால் குறி போடாமல் 'என்ற கருத்தில் சொன்னார்' என்று எழுதலாம். அதில் ஒண்ணும் கேவலம் இல்லை.

இதை ஏன் சொல்றேன்னா, அப்துல் கலாம் ஐயா பெயரைப் போட்டு அவர் சொல்லாத எத்தனையோ பொன்மொழி செல்போனில் சுற்றுகிறது. நல்ல கருத்தாக இருந்தால் மட்டும் அவர் சொன்னது ஆகிவிடாது. நம்ம சுவர் பத்திரிகையில் பொன்மொழி எழுதும் நண்பர்கள், அது எந்தப் புத்தகத்தில் இருக்கு என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம். திருக்குறளில் இந்தக் கஷ்டமே இல்லை. 1330 குறளுக்கும் எண் இருக்கு. எண்ணைப் போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். குறள் 423-இல், எந்தச் செய்தியை யார் சொல்லக் கேட்டாலும் அதில் உள்ள மெய்யான பொருளைக் காண்பதே அறிவு என்கிறார் வள்ளுவர். நான் இங்கே மேற்கோள் குறி போடவில்லை, கவனித்தீர்களா? இது அயற்கூற்று. நேர்க்கூற்று வேணும்னா நூலகத்தில் குறளைத் திறந்து பாருங்க.

6. பத்தியைப் படித்து விடை எழுதுவது

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் முன்பு ஆங்கிலம் இரண்டு தாளாக இருந்தது. 2019-இல் அரசு அதை 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாளாக ஆக்கியது. பாடம், பாட்டு, இலக்கணம், பத்தி எல்லாம் அந்த ஒரே தாளில்தான். தேர்ச்சிக்கு 35 வேணும். பாடத்தில் வரும் கேள்விக்குக் கைடு இருக்கு. பத்திக்குக் கைடு கிடையாது. ஆனால் விடை முழுவதும் கேள்வித்தாளிலேயே இருக்கு. அதைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சால் போதும்.

பழகுவதற்குத் தமிழிலேயே ஒரு பத்தி தருகிறேன். முறை எந்த மொழிக்கும் ஒன்றுதான்.

*திண்டுக்கல் பூட்டு கையால் செய்யப்படுவது. இரும்பும் பித்தளையும் கொண்டு இதைச் செய்கிறார்கள். மாங்காய் வடிவில் செய்யும் மாங்காய்ப் பூட்டு இதில் பெயர் பெற்றது. உத்தரப் பிரதேசத்தில் உள்ள அலிகார் நகரிலிருந்து விலை குறைந்த பூட்டுகள் வந்ததால் திண்டுக்கல் பூட்டின் விற்பனை குறைந்தது. 2019-ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு அதிகம் வருவதில்லை என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.*

முதல் வேலை: கேள்வியை முதலில் படியுங்க, பத்தியை அப்புறம். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

இரண்டாவது: கேள்விச் சொல்லைச் சுழியுங்க. 'ஹூ' என்றால் ஆள். 'வென்' என்றால் காலம். 'வேர்' என்றால் இடம். 'ஒய்' என்றால் காரணம். 'ஹௌ மெனி' என்றால் எண்ணிக்கை. 'வென்' என்று கேட்டதற்கு ஊர்ப் பெயர் எழுதினால் எவ்வளவு அழகாக எழுதினாலும் மார்க் கிடையாது.

மூன்றாவது: கேள்வியில் இருக்கும் சொற்களை வைத்தே விடையைத் தொடங்குங்க.

ஒய் டிட் தி சேல் ஆஃப் திண்டுக்கல் லாக்ஸ் கோ டவுன்?
தி சேல் ஆஃப் திண்டுக்கல் லாக்ஸ் வென்ட் டவுன் பிகாஸ் சீப் லாக்ஸ் கேம் ஃப்ரம் அலிகார்.

பாதி விடை கேள்வியிலேயே இருக்கு பாருங்க. கேள்வியில் 'டிட் கோ' என்று இருந்தது, விடையில் 'வென்ட்' ஆகும். 'ஒய்' என்று கேட்டால் விடையில் 'பிகாஸ்' இருக்கணும்.

நான்காவது: யார் சொன்னது என்று பாருங்க. இளைஞர்கள் வருவதில்லை என்பது பத்தியை எழுதியவர் சொன்னதா? இல்லை, தொழிலில் இருப்பவர்கள் சொன்னது. 'ஹூ சேஸ் சோ?' என்று கேட்டால் இதுதான் விடை. இங்கேதான் டைரக்ட், இன்டைரக்ட் பாடமும் பத்திப் பாடமும் கைகோத்துக்கொள்கின்றன.

ஐந்தாவது: பத்தியில் இல்லாததை எழுதாதீங்க. 'புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விற்பனை கூடியது. சரியா, தவறா, பத்தியில் சொல்லப்படவில்லையா?' என்று கேட்டால் என்ன எழுதுவீங்க? கூடியிருக்கும் என்று நமக்குத் தோணும். ஆனால் பத்தியில் அப்படி ஒரு வரி இல்லை. ஆகவே 'சொல்லப்படவில்லை' என்பதே விடை. நமக்குத் தோணுவது வேறு, எழுதியவர் சொன்னது வேறு.

சின்னச் சொல், பெரிய வேலை: நீளமான சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் பதறாதீங்க. முன் வரி, பின் வரியை வைத்து ஊகிக்கலாம். ஆனால் சின்னச் சொல்லை விட்டுவிட்டால் அர்த்தம் தலைகீழாகும். 'நாட்' – இல்லை. 'ஒன்லி' – மட்டும். 'எக்செப்ட்' – தவிர. 'அன்லெஸ்' – அப்படிச் செய்யாவிட்டால். 'பிஃபோர்' – முன். 'ஆஃப்டர்' – பின். 'பட்' – ஆனால். 'ஆல்தோ' – இருந்தாலும். இந்த எட்டையும் பத்தியில் பார்த்தால் அடிக்கோடு போடுங்க.

7. பரீட்சைக்கு மட்டும்தானா?

நம்மில் நிறைய வீட்டில் ஆங்கிலக் கடுதாசி வந்தால் அதைப் படித்துச் சொல்வது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான். மாத்திரை அட்டையில் 'பிஃபோர் ஃபுட்' என்று இருந்தால் சாப்பாட்டுக்கு முன்னே, 'ஆஃப்டர் ஃபுட்' என்றால் பின்னே. அப்பத்தாவுக்கு அந்த ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அங்கே ரீ-டெஸ்ட் கிடையாது.

செல்போனில் வங்கியிலிருந்து ஒரு செய்தி வருகிறது: 'டு நாட் ஷேர் யுவர் ஓ.டி.பி. வித் எனிஒன்.' அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதே என்று அர்த்தம். 'நாட்' என்ற சின்னச் சொல்தான் முழுச் செய்தியும். 'எனிஒன்' என்றால் எவரிடமும். 'பேங்க் மேனேஜர் பேசறேன்' என்று போன் செய்கிறவரும் அந்த 'எனிஒன்'க்குள்ளே வந்துவிட்டார்! அப்போது நம் சாவியைப் போட்டுப் பாருங்க. யார் சொன்னது? மேனேஜர் சொன்னாரா, இல்லை ஒருவர் தன்னை மேனேஜர் என்று சொன்னாரா? இரண்டும் ஒன்றல்ல. 'ஹி இஸ் தி மேனேஜர்' என்பது வேறு, 'ஹி செட் தட் ஹி வாஸ் தி மேனேஜர்' என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்த பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீட்டுப் பணம் தப்பிக்கும். அப்படியும் யாராவது ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். பெரியவர்களிடம் சொல்லி வையுங்க.

நம் வகுப்பிலேயே எத்தனை சண்டை 'அவ உன்னை அப்படிச் சொன்னா'ன்னு ஒருத்தி வந்து சொன்னதில் ஆரம்பிக்குது! அப்போதும் இதே கேள்விதான். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எப்போது சொன்னது, அதே சொல்லா, இல்லை இவள் மாற்றிச் சொன்னதா? கேட்டுப் பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிஞ்சிடும்.

8. நீங்களே செய்து பாருங்கள்

இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றுக:

1. முருகன் செட், "ஐ கேன் சிங்."
2. டீச்சர் செட் டு அஸ், "ஓபன் யுவர் புக்ஸ்."
3. செல்வி செட் டு மீ, "டு யூ லைக் மேங்கோஸ்?"
4. அப்பா செட் டு மீ, "ஐ வில் கம் டுமாரோ."
5. சயின்ஸ் சார் செட், "வாட்டர் பாய்ல்ஸ் அட் 100 டிகிரி செல்சியஸ்."

விடைகள் (செய்துவிட்டுப் பாருங்க, பார்த்துவிட்டுச் செய்யாதீங்க!):

1. முருகன் செட் தட் ஹி குட் சிங்.
2. டீச்சர் டோல்டு அஸ் டு ஓபன் அவர் புக்ஸ்.
3. செல்வி ஆஸ்க்டு மீ இஃப் ஐ லைக்டு மேங்கோஸ்.
4. அப்பா டோல்டு மீ தட் ஹி வுட் கம் தி நெக்ஸ்ட் டே.
5. சயின்ஸ் சார் செட் தட் வாட்டர் பாய்ல்ஸ் அட் 100 டிகிரி செல்சியஸ். (எப்போதும் உண்மை. ஆகவே மாறாது.)

ஐந்தும் சரி என்றால் சபாஷ்! மூன்று சரி என்றால் 3-ஆவது பகுதியை மறுபடி ஒரு தடவை படியுங்க. ஒன்றுகூட வரவில்லை என்றால் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எங்க வகுப்புக்கு வாங்க, சேர்ந்து உட்கார்ந்து போடுவோம். தினம் ஐந்து வாக்கியம், ஒரு பத்தி. ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆங்கிலம் நமக்குப் பழக்கமில்லாத தெரு, அவ்வளவுதான். யார் வீடு எது என்று கேட்டுக் கேட்டு நடந்தால் எந்தத் தெருவும் பழகிடும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி